நீட்சியா, மறைந்த அமைப்பா, வேறு உலாவியா?

ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் அதன் ஓரத்தில் ஒரு காணொளி தானாக ஓடத் தொடங்குகிறது. அதை நிறுத்த வேண்டும். இந்தச் சிறு தேவைக்கே ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் மூன்று வழிகள் இருக்கின்றன. வழக்கமான அமைப்புகள் பக்கத்தில், அனுமதிகள் என்னும் பகுதியில், தானாக ஓடும் ஒலியையும் படத்தையும் தடுக்கும் தெரிவு ஒன்று உண்டு. அது போதவில்லையென்றால், முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்று எழுதித் திறக்கும் மறைந்த பக்கத்தில் ஒரு மதிப்பை மாற்றி, ஒவ்வொரு காணொளியையும் தனித்தனியே சொடுக்கினால்தான் ஓடும் என்று கண்டிப்பாக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால், இதற்கென்றே எழுதப்பட்ட நீட்சிகள், அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறு நிரல்கள், கிடைக்கின்றன. மூன்றும் ஒரே பலனைத் தருவதாகத் தோன்றும். ஆனால் முதல் வழியை உலாவியை உருவாக்குவோர் பராமரிக்கிறார்கள். இரண்டாவதை மாற்றியது நாம் என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதை நமக்கு அறிமுகமில்லாத ஒருவர், நாம் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் உரிமையோடு, பார்த்துக்கொள்கிறார். எந்த வழியால் அதிகம் செய்ய முடியும் என்று கேட்பதற்கு முன், செய்ததை நாளை யார் பேணுவார்கள் என்று கேட்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இந்த ஒப்பீடு முழுவதையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் செய்திருக்கிறேன்.

உலாவிக்குள் ஏற்கெனவே இருப்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் நட்சத்திரக் குறி ஒன்றை இட்டு, இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்தால், தேடல் புக்மார்க்குகளுக்குள் மட்டும் நடக்கும். விழுக்காட்டுக் குறியை இட்டால் திறந்திருக்கும் டேப்களுக்குள் நடக்கும். குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டேப்களைத் தேடும் பெட்டி திறக்கிறது. இரண்டிலுமே, நாம் அடிக்கடி தேடும் ஒரு தளத்துக்கு ஓரெழுத்துச் சுருக்குப்பெயர் சூட்டிவிட்டு, முகவரிப் பட்டையிலிருந்தே அந்தத் தளத்துக்குள் தேடலாம். வலது சொடுக்கைத் தடுத்து வைத்திருக்கும் பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால், தளத்தின் தடையைத் தாண்டி உலாவியின் பட்டியல் வந்துவிடும். முழுப் பக்கத்தையும் படமாகச் சேமிக்க ஃபயர்ஃபாக்ஸின் வலது சொடுக்குப் பட்டியலிலேயே வசதி இருக்கிறது. குரோமில் அது உருவாக்குநர் கருவிகளின் கட்டளைப் பட்டியலுக்குள் மறைந்திருக்கிறது. தமிழ் எழுத்துகள் சிறிதாகத் தெரிவதாக வருந்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு: ஃபயர்ஃபாக்ஸின் எழுத்துரு அமைப்பில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனியே எழுத்துருவையும் குறைந்தபட்ச அளவையும் வரையறுக்கலாம்; அந்தப் பட்டியலில் தமிழும் இடம்பெறுகிறது. இவை அனைத்துக்கும் நீட்சிகள் இருக்கின்றன, அவை ஒன்றுகூடத் தேவையில்லை.

உள்ளே இருப்பதைப் பாராமல் வெளியே தேடுவதால் என்ன நேரும் என்பதற்கு ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் குரோம் நீட்சியின் கதை நல்ல பாடம். பயன்படுத்தாத டேப்களை உறங்கவைத்து நினைவகத்தைச் சேமித்த அந்த நீட்சியை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிறுவியிருந்தார்கள். மூல நிரல் வெளிப்படையாக இருந்தது, பல ஆண்டுகளின் நற்பெயரும் இருந்தது. 2020-இல் அதை எழுதியவர் வேறொருவரிடம் கைமாற்றினார். புதிய உரிமையாளரின் கீழ், வெளியிலிருந்து நிரல் வரி பெற்று இயக்கும் மாற்றங்கள் நுழைந்தன. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான நிரல் என்று சொல்லி நீக்கியது. நிறுவியவர்கள் யாரும் எதையும் புதிதாக ஏற்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒருமுறை கொடுத்த அனுமதி, உரிமையாளர் மாறிய பிறகும், தானியங்கிப் புதுப்பிப்பின் வழியே அப்படியே செல்லுபடியாயிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில் குரோமே நினைவகச் சேமிப்பு வசதியை உள்ளமைத்துக் கொடுத்தது. இன்று அந்த வேலைக்கு நீட்சி நிறுவுவது தேவையற்ற துணிவு.

நீட்சியின் அனுமதி என்பது எவ்வளவு பெரிது என்பதைப் பலர் எடைபோடுவதில்லை. ‘எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று நிறுவும்போது தோன்றும் வரிக்கு மிகை எதுவுமின்றி அதுவே பொருள்: மின்னஞ்சலின் உள்ளடக்கம், வங்கிப் பக்கத்தின் இருப்புத் தொகை, படிவத்தில் நாம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடவுச்சொல் எல்லாம் அந்த நிரலின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. தளங்களின் தோற்றத்தை மாற்ற உதவிய ‘ஸ்டைலிஷ்’ என்னும் நீட்சி, பயன்படுத்துவோரின் உலாவல் வரலாற்றைச் சேகரித்து அனுப்புவது வெளிப்பட்டதால், 2018 ஜூலையில் நீட்சிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. எழுதியவர் நேர்மையானவராக இருந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. 2024 டிசம்பரில், தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் ஊழியர், நீட்சிக் கடையிலிருந்து வந்ததுபோல் வேடமிட்ட மின்னஞ்சலை நம்பி அனுமதி அளித்துவிட, அந்த நிறுவனத்தின் நீட்சியிலேயே திருட்டு நிரல் புகுத்தப்பட்டு, பயனர்களுக்குப் புதுப்பிப்பாகப் போய்ச் சேர்ந்தது.

இவற்றைச் சொல்வதால் நீட்சிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. சில வேலைகளை நீட்சிதான் செய்ய முடியும். அவற்றில் முதன்மையானது விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுப்பது. அங்கே எந்த உலாவி என்பதும் முடிவின் பகுதியாகிவிடுகிறது. ரேமண்ட் ஹில் எழுதிய ‘யூபிளாக் ஆரிஜின்’ என்னும் திறந்த மூல நீட்சி, பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து, விடலாமா கூடாதா என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்கிறது. கூகுள் கொண்டுவந்த ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்னும் புதிய விதிமுறையின் கீழ், இந்த முடிவை நீட்சி எடுக்க முடியாது. விதிகளின் பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைக்க வேண்டும், தடுப்பது உலாவியின் பொறுப்பு. ஒவ்வொரு நீட்சிக்கும் 30,000 நிலையான விதிகள் உறுதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லா நீட்சிகளும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுத் தொகுப்பிலிருந்து பெற வேண்டும். பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை குரோம் 2024-இல் படிப்படியாக முடக்கத் தொடங்கி, 2025-இல் அவற்றுக்கான ஆதரவை முழுவதுமாக விலக்கிக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸ் புதிய முறையை ஏற்றுக்கொண்டபோதிலும் பழைய திறனையும் விட்டுவிடவில்லை.

குரோமில் இப்போது கிடைப்பது ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’. இதைக் குறைபட்ட நகல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அதன் அடிப்படை நிலையில், பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கும் உரிமையே இல்லாமல், விதிப் பட்டியலைக் கொண்டு மட்டும் தடுக்க முடிகிறது. மேலே சொன்ன அனுமதி அபாயத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இது சிறிய நன்மை அன்று. இழப்பும் உண்மையானது. வடிகட்டிப் பட்டியல்கள் பெரும்பாலும் நீட்சியின் புதிய பதிப்போடுதான் வந்துசேரும் என்பதால், தளங்கள் தங்கள் உத்தியை மாற்றும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க இயலாது. தளத்தின் சொந்தப் பெயருக்குள் ஒளிந்து வரும் மூன்றாம் தரப்புச் சேவையகங்களை, தளப் பெயரை இணைய முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவைப் பார்த்து அடையாளம் காணும் திறன் ஃபயர்ஃபாக்ஸ் பதிப்புக்கு மட்டுமே உண்டு. விளம்பரத் தடுப்பே உங்கள் முதன்மைத் தேவை என்றால், ஃபயர்ஃபாக்ஸும் முழு யூபிளாக் ஆரிஜினும் என்பதே என் தேர்வு. வேலையின் காரணமாக குரோமை விட முடியாதவருக்கு லைட் பதிப்பு போதுமானது, வேறு பெயர் தெரியாத தடுப்பான்களைத் தேடி அலையத் தேவையில்லை.

இனி மறைந்த அமைப்புகள். ஃபயர்ஃபாக்ஸின் அபவுட்:கான்ஃபிக் பக்கத்தையும் குரோமின் ‘ஃபிளாக்ஸ்’ பக்கத்தையும் ஒரே வகையாகக் கருதுவதே பொதுவாக நேரும் முதல் தவறு. முன்னது உலாவி தன் போக்கைத் தீர்மானிக்கப் பயன்படுத்தும் விருப்பங்களின் முழுப் பட்டியல். வழக்கமான அமைப்புகள் பக்கத்தில் நாம் இடும் குறிகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து பதிவாகின்றன. பின்னது இன்னும் முடிவாகாத சோதனைகளின் பட்டியல். அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் காலாவதிப் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கும், அறிவிப்பின்றி மறையவும் கூடும். டேப்களைக் குழுவாக்கும் வசதி சோதனையாக இருந்து 2020-இல் பொது வசதியாயிற்று, இது நல்முடிவு. 2023-இல் குரோமின் தோற்றம் மாறியபோது பழைய தோற்றத்தை மீட்க இந்தப் பக்கத்தை நம்பியவர்களுக்கு, அடுத்த ஆண்டே அந்தத் தெரிவுகள் அகற்றப்பட்டன. குரோமின் சோதனைத் தெரிவு ஒன்றின் மேல் அன்றாட வழக்கத்தை அமைத்துக்கொள்வது வாடகை ஒப்பந்தம் இல்லாத வீட்டில் குடியேறுவதைப் போன்றது. வரவிருப்பதை முன்பே பார்த்துக்கொள்ள அதைப் பயன்படுத்தலாம், நிலையான மாற்றத்துக்கு அன்று.

ஃபயர்ஃபாக்ஸின் விருப்பங்கள் இதைவிட நீடித்து நிற்பவை. கடைசி டேப்பை மூடினால் சாளரமே மூடிவிடுவதைத் தடுப்பது, முழுத்திரைக்குப் போகும்போது வரும் எச்சரிக்கையின் நேரத்தைக் குறைப்பது, ஒற்றை வரிப் பெட்டிகளிலும் எழுத்துப்பிழை திருத்தத்தை இயக்குவது, முகவரியின் தொடக்கப் பகுதியை மறைக்காமல் முழுவதும் காட்டச் செய்வது போன்ற சிறு மாற்றங்கள், ஆண்டுக்கணக்கில் எந்தப் பராமரிப்பும் கேட்காமல் வேலை செய்கின்றன. யாரிடமும் எந்த அனுமதியும் கொடுக்க வேண்டியதில்லை. மாற்றப்பட்ட விருப்பம் தடித்த எழுத்தில் தெரியும். மாற்றியவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். அருகிலுள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் பழைய மதிப்பு திரும்பிவிடும். திரும்பும் வழி இவ்வளவு தெளிவாக இருப்பதாலேயே இந்த வழியை நான் விரும்புகிறேன்.

ஆனால் விருப்பத்தின் பெயரை மட்டும் பார்த்து மாற்றுவது வேறு. கணினி, உலாவி ஆகியவற்றின் அமைப்புகளின் சேர்க்கையைக் கொண்டே ஒருவரை அடையாளம் காணும் உத்தியை உலாவிக் கைரேகை என்பார்கள்; அதை எதிர்க்கும் விருப்பம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் உலாவியிலிருந்து வந்த இந்த ஏற்பாடு, எல்லாரும் ஒரே மாதிரித் தோன்ற வேண்டும் என்பதற்காக, நேர வலயத்தை உலகப் பொது நேரமாகக் காட்டுகிறது, இருண்ட தோற்றத்தை விரும்புவதாகத் தளங்களுக்குச் சொல்வதில்லை, தளவாரியாக நாம் வைத்த உருப்பெருக்கத்தையும் நினைவில் கொள்வதில்லை. எங்கோ படித்த பட்டியலிலிருந்து இதை இயக்கிவிட்டவர், இரண்டு மாதம் கழித்து வலை நாட்காட்டியில் கூட்டத்தின் நேரம் தவறாகக் காட்டப்படுவதைக் கண்டு, அந்தத் தளத்தின் மேல் குற்றம் சுமத்துவார். இரண்டையும் இணைத்துப் பார்க்க அவருக்கு எந்தத் தடயமும் இருக்காது. பிறர் தொகுத்த நீண்ட பட்டியலை அப்படியே, ஃபயர்ஃபாக்ஸ் தொடங்கும்போது விருப்பங்களைப் படிக்கும் ‘யூசர்.ஜேஎஸ்’ கோப்பில் ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்களே மாற்றிய ஏழெட்டு விருப்பங்களை, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிய குறிப்போடு, அந்தக் கோப்பில் வைத்திருப்பது மிக நல்ல பழக்கம். மறைந்த விருப்பங்களில் பெரும்பாலானவை கணக்கின் ஒத்திசைவோடு வேறு கணினிக்குப் போவதில்லை என்பதால், புதிய கணினியில் இந்தக் கோப்பு ஒன்றே பழைய நிலையை மீட்டுத் தரும்.

இதே கைரேகைச் சிக்கல் நீட்சிகளின் எண்ணிக்கையையும் தொடுகிறது. சில நீட்சிகளின் கோப்புகள் தளங்களுக்குத் தெரியக்கூடியவை. சில, பக்கத்தின் அமைப்பில் தடயம் விடுகின்றன. தனியுரிமைக்காகப் பத்து நீட்சிகளை நிறுவியவர், அந்தச் சேர்க்கையாலேயே கூட்டத்தில் தனித்துத் தெரியக்கூடும். டோர் உலாவியில் கூடுதலாக எந்த நீட்சியையும் நிறுவ வேண்டாம் என்று அதை உருவாக்குவோரே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலாவியின் சட்டகத்தையே மாற்ற விரும்புவோரின் நிலை சற்றுக் கடினமானது. 2004-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 காலத்து நீட்சிகள் உலாவியின் எந்த உறுப்பையும் தொட முடிந்தது. அந்தச் சுதந்திரமே உலாவியை மெதுவாக்கவும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உடையவும் காரணமானது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 அந்தப் பழைய முறையைக் கைவிட்டு, மற்ற உலாவிகளோடு பெரிதும் பொதுவான வெப்எக்ஸ்டென்ஷன்ஸ் முறைக்கு மாறியது. அன்றிலிருந்து, டேப் பட்டையை ஒளிக்கவோ கருவிப்பட்டையின் இடைவெளியைக் குறைக்கவோ எஞ்சியிருக்கும் வழி ‘யூசர்குரோம்.சிஎஸ்எஸ்’ என்னும் கோப்பு. 2019-இல் வெளிவந்த 69-ஆம் பதிப்பிலிருந்து, மறைந்த விருப்பம் ஒன்றை இயக்கினால்தான் உலாவி அந்தக் கோப்பைப் படிக்கும். வலைப்பக்க வடிவமைப்பு மொழி தெரிந்தவருக்கு இது தரும் அதிகாரம் பெரிது, அபாயம் குறைவு. ஏனெனில் தோற்றத்தைத் தவிர வேறெதையும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. பராமரிப்பு முழுவதும் நம் தலையில் விழும். உலாவியின் உள்ளுறுப்புகளின் பெயர்கள் மாறும்போதெல்லாம் கோப்பு உடையும். 2021-இல் 89-ஆம் பதிப்போடு தோற்றம் முழுவதும் மாறியபோது பலர் தங்கள் கோப்பைத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியிருந்தது. டேப்களைச் செங்குத்தாக அடுக்குவதற்காக ஒரு நீட்சியையும் இந்தக் கோப்பையும் சேர்த்துப் பேணிவந்தவர்களுக்கு 2025 மார்ச்சில் விடுதலை கிடைத்தது. 136-ஆம் பதிப்பில் செங்குத்து டேப் உள்ளமைந்த வசதியாக வந்தது. காத்திருப்பதும் தேர்வுகளில் ஒன்று என்பதை இப்படிப்பட்ட மாற்றங்கள் நினைவூட்டுகின்றன.

காத்திருக்க முடியாதவருக்கு வேறு உலாவி இருக்கிறது. ஓபராவை இணைந்து நிறுவிய யோன் வான் டெட்ஸ்னர் தொடங்கிய விவால்டி, 2016-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. டேப்களை அடுக்குதல், எலியசைவுக் கட்டளைகள், ஒவ்வொரு விசைக் குறுக்குவழியையும் மாற்றுதல், பல கட்டளைகளை ஒரு சங்கிலியாக்கி ஒரே விசையில் இயக்குதல் என, வேறு உலாவியில் அரை டஜன் நீட்சிகள் கேட்கும் வேலைகளை அது தன் அமைப்புகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. நம்ப வேண்டிய தரப்புகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. இது பெரிய ஆதாயம். அதன் இடைமுக நிரல் திறந்த மூலமாக இல்லை என்பதும், அடித்தளம் குரோமுக்கும் அடித்தளமான குரோமியமே என்பதால் நீட்சி விதிமுறையில் கூகுளின் முடிவுகள் அதையும் தொடும் என்பதும் எதிர்ப்பக்கம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் இணைந்து நிறுவிய பிரேவ், விளம்பரத் தடுப்பை நீட்சியாக வைக்காமல் உலாவியின் உள்ளேயே எழுதியிருப்பதால், அந்தத் தடுப்பு மேனிஃபெஸ்ட் வி3-இன் வரம்புக்குள் அடங்குவதில்லை. நீங்கள் மாற்ற நினைக்கும் பத்தில் ஆறேழு விவால்டியில் ஏற்கெனவே இருந்தால் அங்கே குடிபெயர்வதே அறிவுடைமை. இரண்டு மூன்றுக்காக மட்டும் உலாவி மாறினால், பழகிய இடத்தை விட்ட இழப்பு ஆதாயத்தை மிஞ்சிவிடும்.

ஒரே ஒரு தளத்தில் ஒரே ஒரு குறையைச் சரிசெய்ய வேண்டும் என்றால் இந்தப் பெரிய வழிகள் எதுவும் வேண்டாம். புக்மார்க்கின் முகவரிக்குப் பதில் சில வரி ஜாவாஸ்கிரிப்டைச் சேமித்துவைக்கும் ‘புக்மார்க்லெட்’ என்னும் பழைய உத்தி, நாம் சொடுக்கும்போது மட்டும், அந்தப் பக்கத்தில் மட்டும் இயங்குகிறது. பின்னணியில் எதுவும் காத்துக்கொண்டிருப்பதில்லை, தானாகப் புதுப்பித்துக்கொள்வதும் இல்லை. ஒவ்வொரு முறையும் தானாக நடக்க வேண்டுமென்றால், வயலன்ட்மங்கி போன்ற நீட்சியில் பயனர் நிரலாக எழுதிவைக்கலாம். பிறர் எழுதிய பயனர் நிரலை நிறுவும்போது, எந்தத் தளங்களில் அது இயங்கும் என்று தலைப்பில் குறித்திருக்கும் வரியையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் தேர்வு குறுகியது. ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளே இல்லை. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் நீட்சிகளுக்குக் கதவை அகலத் திறந்தது. ஐபோனில் 2021 முதல் சஃபாரி உலாவிக்கு நீட்சிகள் உண்டு. கைப்பேசியில் விளம்பரத் தடுப்பு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகக் கணினியிலும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த முடிவில் பிழை காண முடியாது.

என் உலாவியில் இன்று இரண்டு நீட்சிகள் இருக்கின்றன: விளம்பரத் தடுப்பானும் கடவுச்சொல் காப்பகமும். அவையிரண்டும் இல்லாமல் அந்த வேலைகளை நான் விரும்பும் அளவுக்குச் செய்ய முடியாது என்பதாலும், மூல நிரல் வெளிப்படையாக இருப்பதாலும், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா தன் ஆட்களைக் கொண்டு ஆராய்ந்து ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று முத்திரையிட்ட பட்டியலில் இருப்பதாலும் வைத்திருக்கிறேன். எப்போதாவது தேவைப்படும் நீட்சி என்றால், குரோமில் அதன் தள அணுகலைச் ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று மாற்றி வைக்கலாம். மூன்று மாதமாகச் சொடுக்கவே இல்லையென்றால் நீக்கிவிடலாம். நீட்சிகள் நம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டும் நின்றுபோகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 2019 மே மாதத் தொடக்கத்தில், நீட்சிகளின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் கையொப்பச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சிகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடங்கின.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மாற்றம் எதுவும் செய்யாத வெறும் சுயவிவரம் (தனக்கென அமைப்புகளும் நீட்சிகளும் கொண்ட உலாவித் தொகுப்பு) ஒன்றைத் தனியே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட்:ப்ரொஃபைல்ஸ்’ பக்கத்திலும், குரோமில் மேல் மூலையிலுள்ள படத்தைச் சொடுக்கியும் அதை உருவாக்கலாம். குரோமின் சோதனைத் தெரிவுகள் மட்டும் எல்லாச் சுயவிவரங்களுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை அப்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தளம் ஒழுங்காகத் திறக்கவில்லையென்றால், அதே முகவரியை அந்தச் சுயவிவரத்தில் திறந்து பார்த்தால் கோளாறு தளத்திலா நம் மாற்றத்திலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வங்கி வேலைகளையும் அதே சுயவிவரத்தில் செய்தால், எந்த நீட்சியின் கண்ணும் அங்கே படாது.